வெளியாள் ஆடக்கூடாது

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டை என்பதுதான். ஆனால் அந்த வருடம் எங்கள் அன்பியத்துக்கு நான் தலைவி ஆகியிருந்தேன். எங்கள் பங்குக் கோயிலில் சில தெருக்களைச் சேர்த்து ஓர் அன்பியம் என்று பிரித்திருக்கிறார்கள். மாதம் ஒரு வீட்டில் ஜெபம், டீ, சுண்டல், கொஞ்சம் ஊர்க்கதை. கிறிஸ்து அரசர் திருவிழாவுக்கு முன்னால் அன்பியங்களுக்குள் கால்பந்துப் பந்தயம் நடக்கும். ஏழு பேரைச் சேர்ப்பது தலைவியின் பொறுப்பு. எனக்குக் கிடைத்தவர்களோ நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தொப்பை வளர்த்த ஐ.டி. பிள்ளைகள்.

அப்போதுதான் மேல் வீட்டுத் தம்பி படியில் இறங்கி வந்து கேட்டான்.

“அக்கா, நானும் ஆடட்டா?”

அவன் கேமரூன்காரன். காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. சென்னைப் பையன்களோடு பழகிக் கற்ற தமிழ் என்பதால், மெட்ராஸ் பாஷை என்னைவிட அவனுக்குச் சரளமாக வரும். இந்த வீடு கிடைப்பதற்கு முன் போரூரிலிருந்து பூந்தமல்லி வரை டு-லெட் போர்டு தொங்கிய வீடுகளையெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறான். ஆளைப் பார்த்ததும் “ஃபேமிலிக்கு மட்டும்தான்” என்பார்கள். அப்புறம் அந்த போர்டு மாதக்கணக்கில் அங்கேயே தொங்கும். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் எங்கள் பங்குக் கோயில்காரர். அவரைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன்.

“பெரிய பெரிய கிளப்புல ஆடினவன், எங்க தொப்பைங்களோட உருளப் போறியா? உனக்கு இன்னாத்துக்குப்பா இந்த வம்பு?” என்றேன்.

படியில் உட்கார்ந்து சொன்னான். பிறந்தது துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெரு. செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடியவனை ஓர் ஏஜென்ட் பார்த்து, இந்தியாவில் பெரிய கிளப் காத்திருக்கிறது என்று சொல்லிக் கொல்கத்தாவில் இறக்கிவிட்டான். காத்திருந்தது குளிரும், ஓர் அறைக்குள் இவனைப் போலவே நம்பி வந்த நான்கைந்து பேரும்தான். அதற்கப்புறம் ஒரு கிளப், இன்னொரு கிளப், கோவா, மலப்புறம். மலப்புறத்தில் கோல் போட்ட அன்று தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கள், மறுநாள் பந்து வெளியே போனதும் அம்மாவை இழுத்துத் திட்டினார்களாம். கடைசியில் சென்னை லீக். அங்கே முட்டிச் சவ்வு கிழிந்தது, கிளப் கை கழுவிவிட்டது. இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு டர்ஃப் மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்.

முட்டியைப் பற்றிக்கூட அவன் வருத்தப்படவில்லை. வேறொன்று அவனை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு டீமில் இத்தனை வெளிநாட்டுக்காரர்தான் இறங்கலாம் என்று கணக்கு உண்டாம். நன்றாக ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, கணக்கு நிறைந்துவிட்டது என்று எத்தனையோ ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

“வந்ததுலேர்ந்து ஃபாரினராத்தான் ஆடிக்கினு கீறேன், அக்கா. ஒரே ஒரு தபா ஏரியா ஆளா ஆடணும்.”

முதல் பெயராக அவன் பெயரைத்தான் கொடுத்தேன்.

பந்தயக் கமிட்டித் தலைவர் பக்கத்து அன்பியத்துப் பெரியவர். ரிட்டயர் ஆனவர். மற்றவர்களுக்குச் சாப்பாடு எப்படியோ, அவருக்கு ரூல் அப்படி. பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“வெளியாள் ஆடக்கூடாது. ரூல் கீது.”

“யார் சார் வெளியாள்? வாராவாரம் பூசைக்கு வர்றான். போன திருவிழாவுல தேர் தூக்க ஆள் பத்தலைன்னு அவனைக் கூப்ட்டது யாரு? நீங்கதானே?”

“தேர் தூக்கறது வேற, இது வேற. மாதா அவன் ஊட்டுக்குப் போயிருக்காங்களா? அத்தச் சொல்லு.”

இதை விளக்க வேண்டும். அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். கோயிலிலிருந்து மாதா சுரூபம், சின்னச் சிலை ஒன்று, கிளம்பி வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் அந்த வீட்டுக்காரரே தூக்கிக்கொண்டு போய், அடுத்த வீட்டுப் பீடத்தில் தன் கையால் வைக்க வேண்டும். மாதா வராத வீடு அன்பியத்து வீடு இல்லை. எங்கும் எழுதி வைக்காத ரூல், ஆனால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் தம்பியின் வீட்டை ஒவ்வொரு வருடமும் தாண்டிப் போயிருக்கிறார்கள். பேச்சிலர் வீடு, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்று சாக்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது எங்கள் மதத்துக்கும் சேர்த்துச் சொன்னதுதான் போலும்.

“போகலைன்னா இன்னா சார்? இப்ப போவாங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வாரம் எங்கள் அன்பியத்தின் கடைசி வீடாக என் வீட்டில் மாதா இருந்தார். மறுநாள் சாயங்காலம் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகாமல் மாடிப்படியில் திரும்பினேன். பின்னால் பாடிக்கொண்டு வந்தவர்களின் பாட்டு அறுந்தது.

“அந்த ஊட்டுக்கா?” என்று ஒரு குரல்.

“ஏன், மாதாவுக்கு முட்டி வலியா? எனக்குத்தான் வலி. நானே ஏறறேன், வாங்க,” என்றேன்.

தம்பி வீட்டைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தான். ஒரு ஸ்டூலின் மேல் அவன் பழைய ஜெர்சியை இஸ்திரி போட்டு விரித்திருந்தான். வீட்டில் இருந்ததிலேயே நல்ல துணி அதுதானாம். ஜெபமாலையில் அவன் முறை வந்தபோது தமிழிலேயே சொன்னான். நடுவில் ஒரு இடத்தில் தடுமாறினான், எல்லோரும் சேர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். சாப்பிட அவர்கள் ஊர் மாவு உருண்டை பொரித்திருந்தான். நம் இனிப்பு போண்டா மாதிரி இருந்தது. “அந்த ஊட்டுக்கா?” என்று கேட்ட அம்மாள்தான் பார்சல் வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது எங்கள் கடைசி வீடு தம்பியின் வீடு. வரிசைப்படி அடுத்தது பக்கத்து அன்பியத்தின் முதல் வீடு. அது யார் வீடு? கமிட்டித் தலைவர் வீடுதான். மாதாவே, எனக்கு வந்த சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு பாட்டுப் பாடியது பெரும் பாடாகிவிட்டது.

மறுநாள் தம்பி வெள்ளைச் சட்டை போட்டு, சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தான். டீக்கடையில் கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. பெரியவர் மெழுகுவர்த்தியோடு கேட்டில் நின்றிருந்தார். தலைக்கு மேல் மாடி போர்ஷனின் டு-லெட் போர்டு தொங்கியது. தம்பியிடம் “ஃபேமிலிக்கு மட்டும்தான்” என்று இவர் சொன்னது இதே கேட்டில்தான்.

மெழுகுவர்த்தியை மதில் மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். “குடு. நானே வச்சிக்கிறேன்.”

“கொண்டாந்தவங்கதான் உள்ள வெக்கணும் சார். உங்க ரூல்தானே?” என்றேன்.

அவர் நகரவில்லை. தம்பியும் நகரவில்லை. நொண்டிக் காலை லேசாகத் தூக்கி, பாரத்தை மற்றக் காலில் போட்டுக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “மாதாவ வாசல்ல நிக்க வெச்சிக்கினு இன்னா பேச்சு அங்க?”

பெரியவர் ஒதுங்கினார். தம்பி வாசல் நிலையில் இடிக்காமல் தலையைக் குனிந்து உள்ளே போய், பீடத்தில் தன் கையால் மாதாவை வைத்தான். அந்த அம்மாள் காப்பி கொடுத்தார். அவசரமே இல்லாமல் உட்கார்ந்து குடித்தான்.

பந்தயத்தன்று பெரியவர் பங்குச் சாமியாரிடம் போய் மறுபடியும் கையைத் தூக்கினார். “ப்ரொஃபஷனல் ஆடறது நியாயமில்ல ஃபாதர். எங்க பசங்க இன்னா பண்ணுவாங்க?”

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன். தம்பி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“உடு அக்கா. நல்லா ஆடறேன்னுதான் சொல்றாரு. ஃபாரின்னு சொல்லல பாரு!”

ஃபாதர் அவன் முட்டியில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தார். “ஆடட்டும்,” என்றார்.

ஜெயித்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். பெரியவரின் டீமிடமே தோற்றோம். ஆனால் நொண்டிக்கொண்டே, இடது காலால், அத்தனை பேரையும் ஏமாற்றி அவன் போட்ட ஒரு கோலுக்கு அந்த டீமின் பையன்களே விசில் அடித்தார்கள். முடிந்ததும் எங்கள் தொப்பைகளை நிற்க வைத்து, டிஃபென்ஸ் ஆடத் தெரியாதா என்று மெட்ராஸ் பாஷையில் வாங்கு வாங்கென்று வாங்கினான்.

பெரியவர் மெல்ல அவன் பக்கத்தில் வந்தார். என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, நம்ம மாடி போர்ஷன் காலியாத்தான் கீது. வந்துடு. அடுத்த வருஷம் எங்க பக்கம் ஆடலாம்.”

அடப்பாவி மனுஷா! எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நான் அவற்றில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பதற்குள் தம்பி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“எனக்கு ஊடு கீது, அண்ணாத்தே.”

சொல்லிவிட்டு, என் தோளில் கையைப் போட்டு நொண்டிக்கொண்டே எங்கள் தெருவுக்கு நடந்தான்.