மூன்று மழை பொறுக்கச் சொன்ன அண்ணன்

ஓராண்டு நினைவுப் பூசைக்கு அழைக்கப் போன இடத்திலெல்லாம் உறவுகள் கேட்டது ஒன்றுதான்: அண்ணன் கல்லறைக்கு ஏன் இன்னும் சலவைக்கல் போடவில்லை? எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அண்ணனின் பேத்தி எழுதுகிறாள். பதிலுக்கு வரச் சற்று நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது புதுச்சேரியில், உப்பளம் பகுதியில். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அவர் சீக்கிரம் போய்விட்டதால் அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினார். என்னையாவது படிக்கவைக்கப் பார்த்தார். பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டு நான் கடற்கரைக்குப் போய்விடுவேன்.

அவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. சுரங்கம் என்றால் குகை இல்லை. ஓர் ஊரையே உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய திறந்த பள்ளம். ஓரத்தைப் படிப்படியாக வெட்டியிருப்பார்கள். அந்தச் சரிவு நிற்கிறதா, நகர்கிறதா என்று பார்ப்பது அண்ணனின் வேலை. மேலே மண் வெடித்திருந்தால் வெடிப்புக்கு இருபுறமும் ஒவ்வொரு குச்சி அடித்து, தினமும் இடைவெளியை அளந்து நோட்டில் குறிப்பார். இடைவெளி கூடினால் மண் இறங்குகிறது என்று பொருள்.

"மிசியே வந்துட்டாரு, குச்சிக்குக் கல்யாணம் பண்ணி வைக்க," என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள். பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்; புதுச்சேரிக்காரர் என்பதால் அந்தப் பெயர்.

"ரெண்டும் பிரிஞ்சிடக் கூடாதுன்னுதாண்டா பாக்குறேன்," என்பார் அண்ணன்.

என்னையும் அங்கே கூலி வேலையில் சேர்த்துவிட்டார். ஓர் ஐப்பசியில், வெடிப்புக்குள் மழைத்தண்ணீர் இறங்காதபடி களிமண் போட்டு இடித்து அடைக்கச் சொன்னார்கள். குச்சிகள் இடைஞ்சலாக இருந்தன. பிடுங்கி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் கண்மதிப்பில் திரும்ப நட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"நேத்தைக்கு இன்னைக்கு ரெண்டு விரக்கடை கம்மியா இருக்கு. பொளந்த மண்ணு தானா ஒட்டிக்காதே. குச்சிய யாராவது தொட்டீங்களா?"

"தெரியலண்ணே," என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம்.

என் முகத்தைப் பார்த்தார். கீழே இறங்கி, சரிவின் அடியில் இருந்த ஆட்கள் அத்தனை பேரையும் மேலே ஏற்றினார். மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"கம்மியாதானய்யா ஆயிருக்கு? அதுக்கா வேலைய நிறுத்துன?"

"அளவு பொய்யாப் போச்சு சார். எவ்ளோ நவுந்திருக்குன்னு இப்ப எனக்கே தெரியாது. தெரியாம ஆள நிக்கவைக்க மாட்டேன்."

"யாரு பண்ண தப்பு?"

"என் குச்சி சார். என் தப்புதான்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சரிவு இறங்கியது. அடியில் இருந்த தண்ணீர் பம்பு புதைந்துபோனது. ஆள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் அளவு தப்பிய குற்றம் அண்ணன் பேரிலேயே நின்றது. தோண்டி முடித்த பள்ளத்தை மூடி மரம் வளர்க்கும் பிரிவுக்கு அவரை மாற்றினார்கள்.

அதையும் மனம் கோணாமல் செய்தார். தனியே எடுத்து வைத்திருந்த மேல்மண்ணைக் கடைசியாகப் பரப்பி முந்திரி நட்டார். அங்கே கட்டடம் கட்டலாமா என்று கேட்டவர்களிடம், "கொட்டுன மண்ணு உக்கார மூணு ஐப்பசி மழையாவது வேணும். அதுக்குள்ள பாரம் ஏத்தாதீங்க," என்பார்.

குச்சியைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. கடைசி நாட்களில் கட்டிலருகே உட்கார்ந்து, "அண்ணே, அந்தக் குச்சி..." என்று தொடங்கினேன்.

"உங்க அண்ணி காப்பி வச்சிருக்கா, ஆறிடும். போயி குடி," என்றார்.

அண்ணனைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற தெருக்காரர்களுக்கும், செபம் சொன்ன பங்குச் சாமியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று குச்சியைப் பிடுங்கியது நான்தான். அண்ணன் சுமந்த அந்தக் குற்றம் என்னுடையது. உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

கல்லறை மண் ஒரு மழைதான் பார்த்திருக்கிறது. இன்னும் இரண்டு போகட்டும், கல் போடுவோம். மரச்சிலுவை சற்றுச் சாய்ந்திருக்கிறது. போன வாரம் கல்லறைக் காவலர், "புடுங்கி நேரா நட்டுடவா பெரியவரே?" என்று கேட்டார்.

"தொடாதப்பா," என்றேன். "மண்ணு எந்தப் பக்கம் எறங்குதுன்னு அது சொல்லட்டும்."