தளம் அனுமதித்த மரண அறிவித்தல்

என் தொழில் வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் கொன்றிருக்கிறேன். அதுவும் விளம்பரத் தளத்தின் முழு அனுமதியோடு. டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்துவிட்டு மலையகத்தில் வேலை தேடும் தங்கைமாருக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

1. பொறுப்பேற்றது

நோர்வூட்டில் பரமேஸ்வரி அக்கா யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக் கொடுக்கிறார். வகுப்பு ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்தில். வருபவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அக்கா குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்து ஒற்றை அறையில் இரண்டு பாய் விரித்தால் கதவைத் திறக்க முடியாது. மண்டபம் இல்லையென்றால் வகுப்பே இல்லை.

அந்த மண்டபத்தை அதே நேரத்துக்கு ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஸ்கொலர்ஷிப் பரீட்சை டியூஷன் நடத்த ஒருவர் கேட்டுவிட்டார். கோயில் கமிட்டித் தலைவர் நேரில் வந்து சொன்னார்:

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. ஏழு பேரு மூச்சு விடுறதுக்கு இம்மாம் பெரிய ஹோலு எதுக்குங்க? அத வீட்லயே விடலாமே. வர்ற ஞாயித்துக்கெழம ஹோலு நெறஞ்சா ஒங்களுக்கு. இல்லாட்டி புள்ளைங்களுக்குக் குடுத்துருவோம்."

அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்தார். "நீ கொழும்புல படிச்ச புள்ள சுதா. எப்படியாச்சும் கூட்டத்தக் கொண்டாந்துரு."

"சிம்பிள்க்கா" என்றேன். என் தவறுகளின் பட்டியலில் இதுதான் முதலாவது.

2. நிராகரிப்புகள்

முதல் விளம்பரம்: "கொழுந்துக் கூடை சுமந்து முதுகு வலிக்கிறதா?" நிராகரிப்பு. பார்ப்பவரின் உடல்நிலையைச் சுட்டிக் கேட்கக் கூடாதாம்.

இரண்டாவது: "முதுகுவலி குறையும்." நிராகரிப்பு. நிரூபிக்காத மருத்துவ வாக்குறுதி.

மூன்றாவதில் எழுத்தே போடவில்லை. குனிந்த பெண் ஒரு பக்கம், நிமிர்ந்த பெண் மறுபக்கம். 'முன்பும் பின்பும்' வகைப் படங்களுக்குத் தடை. கூடவே ஓர் எச்சரிக்கை: இன்னும் ஒரு மீறல் நடந்தால் கணக்கு முடக்கப்படும்.

நான் பதற்றப்படும் ஆள் அல்ல. பட்டியல் போடும் ஆள். தளத்தைக் கோபப்படுத்தக்கூடிய எல்லாவற்றையும் எழுதி ஒவ்வொன்றாக வெட்டினேன். வலி, நோய், தூக்கம், எடை, ஏன் 'யோகா' என்ற சொல்கூட, எல்லாம் போயின. உடல் தெரிவதே ஆபத்து என்று அக்காவின் படத்தைக் கழுத்துக்கு மேல் மட்டும் வைத்துக்கொண்டேன். தியானத்தில் எடுத்த படம், கண்கள் மூடியிருந்தன. கண்ணை உறுத்தக் கூடாதென்று கறுப்பு வெள்ளையாக்கினேன். வெறுமையாகத் தெரிந்ததால் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கும் ஓரத்தில் மல்லிகைச் சரமும் சேர்த்தேன். மேலே பெரிதாக 'அமைதி'. கீழே அக்காவின் முழுப்பெயர், ஞாயிறு மாலை நான்கு மணி, கோயில் மண்டபம். குறிப்பிட்ட ஒரு பிரிவினரை அழைப்பதாகத் தெரியக் கூடாது என்பதற்காகக் கடைசி வரி: 'உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும்.'

வெள்ளி இரவு பதிவேற்றினேன், சில நிமிடங்களில் அனுமதி வந்தது. என் கைக்கு நானே முத்தம் கொடுத்துக்கொண்டேன்.

3. ரீச்

சனிக்கிழமை அக்காவுக்கு மௌன விரதம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை அணைத்துவிடுவார், ஞாயிறு வகுப்பு முடிந்த பிறகுதான் போடுவார். அதனால் வெற்றியை நான் தனியாகக் கொண்டாட வேண்டியிருந்தது.

அப்படி ஒரு ரீச்சை நான் பார்த்ததே இல்லை. மஸ்கெலியா, பொகவந்தலாவை, ஹட்டன் என்று பகிர்ந்துகொண்டே போனார்கள். அழுகை முகங்கள் குவிந்தன. உழைத்துக் களைத்தவர்களின் மனதைத் தொட்டுவிட்டோம் என்று எடுத்துக்கொண்டேன். மேலே தெரிந்த கருத்துகள் எல்லாம் 'ஓம் சாந்தி'. அறிக்கையில் 'ஆன்மிக ஈடுபாடு: மிக அதிகம்' என்று எழுதினேன்.

தனிச் செய்திகளை நான் படிக்கவில்லை. தானியங்கிப் பதில் போட்டிருந்தேன். பிறகு பார்த்தபோது ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயோ, எப்படி ஆச்சு? வியாழக்கெழமகூட பஸ்ஸுல பாத்தேனே!" அவருக்கு என் பதில்: "ஆர்வத்துக்கு நன்றி. ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சந்திப்போம்."

4. கூட்டம்

ஞாயிறு நான்கு மணிக்குக் கோயில் பாதையில் மூடுபனிக்குள்ளிருந்து குடைகள் வந்துகொண்டே இருந்தன. "பாத்தீங்களாக்கா?" என்றேன். அக்கா பாய்களை விரித்துக்கொண்டிருந்தார்.

பெரும்பாலோர் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். யோகாவுக்கென்றே உடுத்தி வந்திருக்கிறார்களே என்று மகிழ்ந்தேன். கைகளில் சீனிப் பைகளும் பிஸ்கட் பெட்டிகளும் இருந்தன. அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. நம் பக்கத்தில் சீனியோடு போவது சாவு வீட்டுக்குத்தான் என்பது நினைவுக்கு வருவதற்குள் வாசலில் ஓலம் எழுந்தது.

"ஏ பரமு! ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியேடி!"

அக்காவின் மதினி, மஸ்கெலியாவிலிருந்து. அக்கா பாயும் கையுமாக வெளியே வந்தார்.

"எங்க மதினி போனேன்? இங்கதான நிக்கிறேன்."

மதினி பார்த்தார். அடுத்த நொடி கையிலிருந்த சீனிப் பை அக்காவின் தோளில் விழுந்தது. "எடுபட்டவளே! பஸ்ஸு முழுக்க அழுதுக்கிட்டு வந்தேன். கண்டக்டர் டிக்கட்டுகூட கேக்கலடி!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவர் வந்தார். அவர் கையில் மலர்வளையம். அவர் முகத்திலிருந்த துக்கம் கோபமாக மாறுவதை நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"ஹோலுக்காக இப்படியுமா டீச்சரம்மா? நான் சொன்ன பேச்சுலதான் உசிரு போச்சோன்னு ரெண்டு நாளா சோறு எறங்கலங்க எனக்கு!"

மண்டபம் போய்விட்டது என்று நினைத்தேன். முன்னால் வந்து, "படத்த நான்தாங்க செஞ்சேன். அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றேன். யாரோ போனை நீட்டினார்கள். அக்கா முதன்முறையாகத் தன் விளம்பரத்தைப் பார்த்தார். படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பிறகு தலைவரிடம், "ரெண்டு நாளா மூச்சப் புடிச்சிட்டு இருந்திருக்கீங்க. வளையத்த அந்தப் பக்கம் வச்சிட்டு ஒக்காருங்க. கொஞ்சம் விட்டுட்டுப் போங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். மழை வேறு பிடித்துக்கொண்டதால் வந்தவர்களுக்குப் போகவும் வழியில்லை. பாய் போதாமல் கோயில் ஜமுக்காளத்தை விரித்தோம். அழுது வந்தவர்களுக்கு ஆழ்ந்து மூச்சிழுப்பது மிக எளிதாக இருந்தது. கடைசியில் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொல்லி, "இதுக்குப் பேரு சவாசனம்" என்றார் அக்கா.

மதினி எழுந்து உட்கார்ந்தார். "இன்னைக்கு அது மட்டும் வேணாம் பரமு."

 தலைவரிடமிருந்து குறட்டை வந்தது.

5. கற்றது

விழித்ததும் தலைவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். நிறைந்திருந்ததை அவரால் மறுக்க முடியவில்லை. ஞாயிறு மாலை அக்காவுக்கே என்றானது. டியூஷன் காலைக்கு மாறியது. அன்று வந்தவர்களில் பலர் மறுவாரம் வரவில்லை. வந்தவர்களே ஏழெட்டுக்கு நன்றாகவே மேல்.

ஒரு விளம்பரத்தில் என்ன இருக்கக் கூடாது என்பதைத் தளம் சொல்லும். மீதி இருப்பது ஊர்க் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்பதைச் சொல்லாது. அதற்கு ஊரில் ஓர் ஆளிடம் காட்ட வேண்டும். என் விஷயத்தில் அந்த ஆள் தலைவர். மண்டபத்தைக் கொடுக்க அவர் போட்ட ஒரே நிபந்தனை: இனி எந்த விளம்பரத்தையும் முதலில் தன்னிடம் காட்ட வேண்டும்.

அடுத்த விளம்பரத்தில் அக்கா கண் திறந்து, பல் தெரியச் சிரித்தார். வண்ணப்படம். தளம் உடனே அனுமதித்தது. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எலக்சனுக்கு நிக்கிற மாதிரி இருக்கு தங்கச்சி. மாத்துங்க."

இதுவரை தளம் நிராகரித்ததைவிட அவர் நிராகரித்தவைதான் அதிகம். மேல்முறையீட்டுக்கும் அவரிடமே போக வேண்டும்.