வாடைக்காற்றில் முன்னால் ஒரு முதுகு

2006 தை மாதம். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. கோட்டக்குப்பத்திலிருந்து எங்கள் ஊர் மரக்காணம் வரை கடற்கரைச் சாலையில் சைக்கிள் பந்தயம். முதல் மூன்று பேரைச் சென்னையில் ஒரு கம்பெனி தன் அணிக்குச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும் என்றார்கள். சைக்கிள் ஓட்டச் சம்பளமா என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேலை மீது அவ்வளவு ஆசை வைத்திருந்தேன்.

அதுவரை நான் ஓட்டியதெல்லாம் மண்ணில்தான். உப்பளத்து வரப்பில் பழகியவன். வாய்க்கால் குறுக்கிட்டால் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுத் தாண்டி, ஓடுகிற ஓட்டத்திலேயே ஏறிவிடுவேன். அந்தப் பழக்கத்தில்தான் முந்தைய வருஷம் ஆரோவில் பக்கம் செம்மண் பாதையில் நடந்த பந்தயத்தில் வெள்ளைக்காரர்களை எல்லாம் முந்தி ஜெயித்தேன். கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. தார் ரோடுதானே, இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. வாடைக்காற்று நேராக முகத்தில் அடித்தது. மற்றவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக, சக்கரத்தோடு சக்கரம் உரசுகிற மாதிரி போனார்கள். நான் மட்டும் தள்ளியே போனேன். உப்பளத்தில் யாரும் இன்னொருவரை ஒட்டி ஓட்ட மாட்டோம். முன்னால் போகிறவன் சறுக்கினால் பின்னால் வருகிறவனும் சேர்ந்து பாத்தியில் விழுவான், சேறு கலங்கி உப்பு பாழாகும், அப்புறம் வாங்குகிற திட்டுக்கு அளவிருக்காது. அந்தப் பயம் காலில் ஊறிப்போயிருந்தது.

பாதி வழியில் தொடை இறுகிவிட்டது. கூட்டம் தூரத்தில் புள்ளியாகிக்கொண்டிருந்தது. வேலை போச்சு என்று கண் கலங்கிவிட்டது. அப்போது அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். கிளம்பும் இடத்தில் எல்லோரும் அவருக்கு சலாம் சொன்னதைப் பார்த்திருந்தேன்.

“ஏம்பா, எதுக்குத் தனியா காத்து வாங்குற? என் பின்னாடி ஒட்டி வா.”

“பழக்கமில்ல பாய். நீங்க விழுந்தா நானும் விழுந்துடுவேன்.”

“இன்ஷா அல்லாஹ் விழமாட்டேன். நீ என் முதுக மட்டும் பாத்துட்டு வா.”

போனேன். முன்சக்கரத்துக்கும் அவர் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை. பிரேக்கிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. ஆனால் காற்று சட்டென்று நின்றுவிட்டது. உண்மையில் நிற்கவில்லை, எனக்கு வரவேண்டியதையும் சேர்த்து அவர் வாங்கிக்கொண்டிருந்தார். வியர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. ஒரு தடவைகூட என்னை முன்னால் வரச் சொல்லவில்லை. அப்படியே கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதைத் தாண்டியும் இழுத்துப் போனார்.

எங்கள் ஊர் உப்பளம் கண்ணில் பட்டதும் ஓரமாக விலகினார். “இனிமே உன் ஊரு. போ.”

மூன்றாவதாக வந்தேன். அவர் கடைசிப் பத்துப் பேரோடு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். என்னால்தானே என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கு ஜித்தால வேலைக்கு விசா வந்துருச்சுப்பா. ஜெயிச்சாலும் சேர முடியாது. தங்கச்சி நிக்காஹுக்குப் பணம் சேக்கணும். போறதுக்கு முன்னாடி ஒருவாட்டி ஓட்டிப் பாக்கலாம்னு வந்தேன். நல்லா ஓட்டினேன்ல?”

கையை விடாமல் தலையை ஆட்டினேன்.

அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை. கம்பெனி அணியில் எனக்குக் கிடைத்த வேலை, அணியின் பெரிய வீரருக்கு முன்னால் போய்க் காற்றை மறிப்பது. எனக்குப் பின்னால் ஒருவர் நிம்மதியாக மூச்சு விடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த நனைந்த முதுகு நினைவுக்கு வரும். அன்று அவருக்கு முன்னால் யாரும் இருக்கவில்லை, ஜித்தாவிலாவது யாராவது இருந்திருக்க வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.