மூன்று முழத்துக்கு ஒரு சொம்பு

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் ஒரு ஆடி மாதம். ஆட்டையாம்பட்டியில் எங்களுக்கு ஒரு குழித்தறி இருந்தது. என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்க்க மாமியார் வந்திருந்தார். நாலாம் நாள் தாய்க்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்தக் காய்ச்சலில் விழுந்தவர்கள் எங்கள் தெருவில் எழுந்ததில்லை.

சேலத்திலிருந்து ஒரு டாக்டரம்மாவை வண்டி வைத்துக் கூட்டிவந்தேன். பிரசவத்தில் விஷம் ஏறியிருக்கிறது என்றார். காகிதப் பொட்டலத்தில் வெள்ளை மாத்திரைகள் கொடுத்தார். சல்பா என்று பெயர். நிமோனியாவுக்கும் இதுதானாம். பட்டாளத்தில் காயத்தின்மேல் இதையே பொடியாகத் தூவுகிறார்களாம்.

"எல்லாக் காய்ச்சலுக்கும் கேக்காது. இதுக்குக் கேக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ரெண்டு. ஒவ்வொரு தடவையும் சொம்பு நெறையத் தண்ணி. இல்லைன்னா மருந்து உள்ள உப்பாக் கட்டி நீர் அடைச்சுக்கும். கடிகாரம் இருக்குதா?"

"இல்லைங்க."

"அப்புறம் நேரம் எப்பிடித் தெரியும்?"

"தறி இருக்குதுங்க."

விடிந்து உட்கார்ந்தால் உச்சிக்குள் நாலரை முழம் நெய்வேன். ஆறு மணி நேரம். அப்படியானால் மூன்று முழத்துக்கு நாலு மணி நேரம். தறியில் இறங்கினேன். மூன்று முழம் முடிந்ததும் எழுந்து மாத்திரை கொடுத்தேன். தண்ணீரை மாமியாரிடம் விட்டேன்.

அடுத்த மாத்திரையைச் சீக்கிரம் கொடுத்துவிடத் தோன்றியது. ஆனால் வேகமாக அடித்தால் நேரம் பொய்யாகிவிடும். வழக்கம்போல அடித்தேன். ராத்திரியும் விடவில்லை. கண் சொக்கினால் சத்தம் நிற்கும். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வேன்.

பக்கத்து வீட்டுப் பங்காளி எட்டிப் பார்த்தார். "பொண்டாட்டி கெடக்கற கெடையில உனக்கு வேட்டி கேக்குதாப்பா?"

பதில் சொன்னால் அடி தப்பும். அடித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் உச்சிவேளை. அவளுக்கு இடுப்பு வலி. நீர் பிரியவில்லை. பிரிந்த துளியும் சிவப்பு. சொம்பைப் பார்த்தேன். நிறைந்தபடியே இருந்தது.

"தண்ணி குடுக்கலீங்களா அத்தை?"

"உதட்ட நனச்சு உட்டனுங்க மாப்பிள்ளை. பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி குடுத்தா ஜன்னி வந்துரும்."

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அவர்மேல் குற்றம் இல்லை. நான் நேரத்தைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை.

சொம்பை எடுத்தேன். மாமியார் குறுக்கே நின்றார். "நீங்க தறிக்காரரா, மருத்துவச்சியா?"

"இன்னிக்கு ரெண்டுந்தானுங்க."

அவரை விலக்கிவிட்டு அவள் தலையைத் தூக்கிப் பிடித்தேன். சொம்பு காலியாகும்வரை விடவில்லை. மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அதன்பிறகு மாத்திரையும் தண்ணீரும் என் கையால்தான். சாயங்காலம் நீர் தெளிந்து பிரிந்தது.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் விடியலில் மாத்திரை கொடுக்கப் போனேன். நெற்றி வேர்த்திருந்தது. தொட்டேன். குளிர்ந்திருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"பாவு நூல் அந்துருச்சுங்களா? தறிச் சத்தத்தக் காணமே."

"அதெல்லாம் அந்துபோகல" என்றேன். காய்ச்சல் விட்டாலும் பொட்டலம் தீரவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி தறியில் இறங்கினேன்.

மாமியார் அன்றே தெருவெல்லாம் சொல்லிவிட்டார். "எம்மாப்பிள்ளை கொடங்கொடமாத் தண்ணி குடுத்தே எமன வெரட்டிப்போட்டாரு." மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுடைய அடுத்த பிரசவத்துக்கு அவரே குடத்தை நிரப்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த நாட்களில் நெய்த வேட்டித் துணியை விற்கவில்லை. விரித்தால் முதல் முழமும் கடைசி முழமும் ஒன்றுபோல இருக்கும். அவளைப் பிழைக்க வைத்தது மருந்து. அந்த மருந்துக்கு நேரம் தவறாமல் நின்றது என் தறி என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.