பாப்பா, வெளியே வா

தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழித்து, பாதியைத் திருப்பிக் கொடுத்து ஆட்களை உள்ளே அனுப்புகிறவளை எல்லோரும் டிக்கெட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அப்பா வயதிருக்கிற பெரியவர்களும் அம்மா என்றார்கள். அதில் அவளுக்கு வருத்தம் உண்டு. ஆனால் வருத்தத்தை வாய் திறந்து சொல்ல வேண்டுமே, அதனால் அப்படியே விட்டுவிட்டாள்.

பேசுவது என்றாலே அவளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பேர் வாசிக்கும்போது ‘உள்ளேன்’ என்று சொல்ல வேண்டும். அவள் உள்ளேதான் இருந்தாள், சொல்லமாட்டாள். வாத்தியாரும் தலையைத் தூக்கிப் பார்க்கிற ஆளில்லை, வரவில்லை என்று போட்டுவிடுவார். கடைசியில் பார்த்தால், முதல் வரிசையில் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்த பெண், அந்த வருஷம் முழுக்கப் பள்ளிப் பக்கமே எட்டிப் பார்க்காதவள் ஆகியிருந்தாள். வராத பிள்ளை இனிமேல் வந்து மட்டும் என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஒரு தையல் கடை. அளவெடுத்து உரக்கச் சொல்ல வேண்டும், உள்ளே ஒருவர் எழுதிக்கொள்வார். அவள் சொல்வது அவள் காதுக்கே எட்டாது. உள்ளே இருந்தவரும் எத்தனை முறைதான் கேட்பார், தோராயமாக எழுதிக்கொண்டார். அந்த வட்டாரத்தில் ரொம்ப நாளைக்குப் பல பேர் தோராயமான சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

தியேட்டர் வாசல் அவளுக்கென்றே செய்துவைத்த இடம். அங்கே வாய்க்கு வேலையில்லை. நீட்டினால் வாங்க வேண்டும், கிழிக்க வேண்டும், கொடுக்க வேண்டும். ‘இத்தனை வருஷமா நீ என்னத்தக் கிழிச்ச?’ என்று கூடப் பிறந்த அக்கா எப்போதும் கேட்கிற கேள்விக்கு முதல்முறையாக அவளிடம் ஒரு பதில் இருந்தது. சொல்லத்தான் இல்லை.

அந்த அக்கா நேர்மாறு. இரண்டு பேருக்குமான பேச்சையும் தானே எடுத்துக்கொண்டு முதலில் பிறந்துவிட்டாள். தங்கைக்குப் பசிக்கிறதா, குளிருகிறதா என்பதையெல்லாம் அக்காதான் சொல்வாள். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று தங்கையைக் கேட்டபோது, ‘சம்மதம்’ என்று சொன்னதும் அக்காதான். மாப்பிள்ளை கொஞ்சம் விவரமானவர் என்பதால் சம்மதம் சொன்ன ஆளையே கட்டிக்கொண்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் அந்தப் பேய்ப் படம் வந்து சேர்ந்தது. போஸ்டரில் ஒரு பொம்மை. பொம்மையின் கையில் கத்தி, கத்தியில் ரத்தம், கீழே ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்து. பெற்றவர்கள் பொம்மையை மட்டும் பார்த்தார்கள். பொம்மைப் படம், பிள்ளைகளுக்கு நல்லாயிருக்கும் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள்.

முந்தைய படத்தின்போதே சோதனைக்கு வந்த அதிகாரிகள், முன்வரிசையில் வாயில் விரலோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தையைப் பார்த்து முதலாளியைப் பிடி பிடியென்று பிடித்திருந்தார்கள். அவர் அந்தச் சூட்டோடு வந்து டிக்கெட்டம்மாவிடம் சொன்னார்.

“இந்தப் படத்துக்கு ஒரு குழந்தை உள்ள போச்சுன்னாலும் நீ கதவுல இல்ல. கேண்டீன் பையன் வேலைய விட்டுப் போயிட்டான். தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ள போய் நீதான் பாப்கார்ன் கூவணும்.”

அவள் பாப்கார்ன் என்பதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மனதுக்குள்ளேயே அது சின்னக் குரலில்தான் வந்தது. இருட்டில், அத்தனை பேர் நடுவில், வரிசை வரிசையாகப் போய்க் கூவுவதா? அதற்குப் பேயிடமே போய் வேலை கேட்கலாம்.

மதியக் காட்சிக்குக் கூட்டம் நெரித்தது. டிக்கெட்டம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். குழந்தை வந்தால் பேசாமல் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டிவிடுவது. முதலில் வந்த தகப்பன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, “பாப்பா, ஆன்ட்டிக்குக் கை குடு” என்றான். பிள்ளை கை குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டது.

அடுத்து வந்தவரைப் போஸ்டர் பக்கம் விரல் நீட்டி நிறுத்தினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைக் கூட்டி வாசித்தார். “வயது வந்தோருக்குன்னுதானம்மா போட்டிருக்கு? இவனுக்கு வந்திருச்சே. போன மாசம்தான் நாலு வந்துச்சு.” சொல்லிவிட்டு அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தார். பதில் அவளிடம் இருந்தது, தொண்டையில் இருந்தது. அதற்குள் பின்னால் இருந்தவர்கள் தள்ளி, நாலு வயது வந்தவனை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

ஒருத்தி நிறைமாதமாக வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். பக்கத்தில் வந்ததும் வயிறு, “அம்மா, மூச்சு முட்டுது” என்றது. கீழே பார்த்தால் சேலைக்கு அடியில் நாலு செருப்பு. டிக்கெட்டம்மா செருப்பையும் பார்த்தாள், அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். அவளோ, “உதைக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. சால்வைக்குள் போனது, பைக்குள் உட்கார்ந்து போனது, அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கால் விரலில் நின்று போனது, எல்லாம் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒவ்வொரு பிள்ளை உள்ளே போகும்போதும் பாப்கார்ன் தட்டு ஒரு சாண் கிட்டே வந்தது.

கடைசியாக அக்கா வந்தாள். பின்னால் அக்காவின் கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பெண்மணி. தலையோடு போர்த்திய சால்வை, மூக்கில் கறுப்புக் கண்ணாடி, தரையில் இழுபடுகிற கைப்பை.

“இவங்க என் ஓரகத்தி,” என்றாள் அக்கா. “வளர்த்தி கொஞ்சம் கம்மி. நீ ஒண்ணும் பேச வேணாம், கிழிச்சுக் குடு.”

ஓரகத்தி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “சித்தி, நான்தான் பாப்பா. யார்கிட்டயும் சொல்லிடாத” என்றாள்.

டிக்கெட்டம்மா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றுதான் ஆட்டினாள். ஆனால் அக்காவிடம் அவள் தலை ஆட்டினால் அதற்குச் சரி என்ற ஒரே அர்த்தம்தான் சின்ன வயதிலிருந்து. அக்கா அவள் விரல்களுக்கு இடையில் டிக்கெட்டை வைத்து, தானே இழுத்துக் கிழித்துக்கொண்டு ஓரகத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவைச் சாத்தினாள். படம் ஆரம்பித்தது. டிக்கெட்டம்மா வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, அதிகாரிகள் யாரும் வந்துவிடக்கூடாது, பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கதவு கிறீச்சிட்டது, காற்று ஊளையிட்டது, எவளோ ஒருத்தி அலறினாள். பிறகு சத்தமே இல்லை. பேய் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அமைதியில், மணி அடித்தாற்போல அக்கா மகளின் குரல் கேட்டது.

“அம்மா, அந்தப் பேய்க்கு ஏன் யாருமே தலை வாரி விடல?”

தியேட்டரே கொல்லென்று சிரித்தது. அறைக்குள் இருந்த முதலாளி வெளியே ஓடிவந்தார். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

படத்தை நிறுத்தினால் ஜனம் தன்னைத் தின்றுவிடும், நிறுத்தாமல் விட்டு அதிகாரிகள் வந்தால் அவர்கள் தின்றுவிடுவார்கள் என்று அவர் புலம்பினார். பிறகு அவள் கையில் டார்ச்சைத் திணித்து, அந்தக் குழந்தையை இப்போதே வெளியே கொண்டுவரவில்லை என்றால் இடைவேளையிலேயே தட்டைத் தூக்க வேண்டியதுதான் என்றார்.

உள்ளே கும்மிருட்டு. டார்ச்சைத் தட்டினாள், அது மின்மினிப் பூச்சி மாதிரி ஒருமுறை மினுக்கிவிட்டு உயிரை விட்டது. அக்கா எந்த வரிசை என்று தெரியவில்லை. எத்தனை தலை, அதில் எது அக்காவுடையது? நடைபாதையில் பாதி தூரம் போய் நின்றாள். கூப்பிடுவதைத் தவிர வழியில்லை. கூப்பிடாவிட்டால் இதே இடத்தில், இதே இருட்டில், இன்னும் கொஞ்ச நேரத்தில் பாப்கார்ன் என்று கூவ வேண்டும். ஒரு சொல்தான். சொல்லித் தொலைத்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சின்ன வயதிலிருந்து செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்த குரல் மொத்தமும் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

“பாப்பா, எந்திரிச்சு வெளிய வா.”

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு தாய் இருட்டு வீட்டில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள். குரல் திரைக்குள்ளிருந்து வந்தது என்று நினைத்து முன்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவரின் மடியில் ஏறிவிட்டார்.

ஆனால் அதுவல்ல விஷயம். நம் வீடுகளில் பிள்ளைக்கு எவ்வளவு யோசித்துப் பேர் வைத்தாலும் கூப்பிடுவது என்னவோ பாப்பா என்றுதான். ஆணானாலும் பாப்பா, பெண்ணானாலும் பாப்பா. அவள் கண்ணைத் திறந்தபோது தியேட்டர் முழுக்கப் பாப்பாக்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். சால்வைக்குள்ளிருந்து ஒரு பாப்பா, நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு பாப்பா, தொப்பி போட்ட பாப்பா, நாலு வயது வந்த பாப்பா. நிறைமாத வயிற்றிலிருந்து ஒன்று பிறந்து, தானே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தது. வெளியே வரச் சொன்னால் வர வேண்டும் என்று வளர்க்கப்பட்ட நல்ல பிள்ளைகள். வரிசையாக வந்தார்கள். பின்வரிசையில் தடித்த மீசை வைத்த ஒரு ஆளும் எழுந்து நின்றார். பக்கத்தில் அவருடைய அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “உன்னை இல்ல, உக்காருடா பாப்பா” என்று அதட்டினாள். அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அவருக்கு வெட்கம் தாளவில்லை, அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டார்.

எல்லோருக்கும் பின்னால் சால்வை தடுக்கத் தடுக்க வந்த அக்கா மகள், சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“சித்தி, நீ பேசுவியா?”

பெற்றவர்களில் ஒருவர்கூடப் பின்னால் வரவில்லை. சிலர் காலியான நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டார்கள்.

வெளியே முதலாளி ஒரு குழந்தையை எதிர்பார்த்து நின்றார். வந்தது ஒரு வகுப்பறை. அவர் எண்ண ஆரம்பித்து, மீசைக்காரரிடம் வந்து நின்று, எண்ணுவதை விட்டுவிட்டார்.

“இத்தனையும் நீ விட்டதா?”

அவள் தலையை ஆட்டினாள்.

முதலாளி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். கோபத்தில் இருந்தாலும் அவருக்கு வியாபாரக் காது. இப்படியொரு குரலை வைத்துக்கொண்டா இத்தனை நாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய், என் அறைக்குள் மேசை அதிர்ந்ததே, இது பாப்கார்னுக்கென்றே பிறந்த குரல், பேசாமல் தட்டைத் தூக்கு என்றார். உள்ளே போய்க் கையோடு தட்டையும் எடுத்துவந்து நீட்டினார்.

டிக்கெட்டம்மா தட்டைப் பார்த்தாள். தொண்டையில் இன்னும் கொஞ்சம் குரல் மிச்சம் இருப்பது தெரிந்தது.

“மாட்டேன்” என்றாள்.

முதலாளி திகைத்தார். இவள் பேசியே அவர் கேட்டதில்லை, பேசினால் இதைப் பேசுவாள் என்று யார் கண்டது?

“உள்ள விட்டது நான்தான். வெளிய கொண்டாந்ததும் நான்தான்,” என்றாள். “என்னைக் கதவுல வெச்சா ஒரு பிள்ளையும் இனிமே உள்ள போகாது. தட்டைக் குடுத்தா நான் வீட்டுக்குப் போயிருவேன். இதுங்கள நீங்க பாத்துக்கங்க.”

முதலாளி திரும்பிப் பார்த்தார். அந்தச் சில நிமிஷத்தில் இரண்டு பாப்பாக்கள் அவர் அறைக்குள் போய்ச் சுழல் நாற்காலியைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று போஸ்டர் பொம்மைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. நாலு வயது வந்தவன் வந்து அவருடைய வேட்டியைப் பிடித்து, “தாத்தா, ஒண்ணுக்கு” என்றான். தலைக்குச் சாயம் அடித்த மனிதர் அவர். “மாமான்னு கூப்பிடுறா” என்றார். “சரி தாத்தா” என்றான் அவன்.

அவனைக் கூட்டிப்போய்த் திரும்பி வந்தபோது முதலாளியின் காலில் செருப்பில்லை, வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. எந்தப் பக்கமும் பார்க்காமல், “கதவையே பாத்துக்க. முதல்ல இதுங்கள எங்கயாவது உக்கார வை” என்று சொல்லிவிட்டு, அறையிலிருந்த இரண்டு பாப்பாக்களையும் வெளியே விட்டுத் தட்டோடு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

டிக்கெட்டம்மா பிள்ளைகளைச் சுவரோரமாகத் தரையில் உட்கார வைத்தாள். தியேட்டருக்குள் எவளோ அலறினாள். பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டார்கள். அவளும் எந்தப் படத்தையும் உள்ளே போய்ப் பார்த்தவளில்லை, எல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காதால் கேட்டதுதான். கேட்டு, தானாக ஒரு கதை கட்டிக்கொள்வாள். அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

“அது ஒண்ணுமில்ல,” என்றாள். “பேயோட அம்மா, பேயைச் சாப்பிடக் கூப்பிடுறாங்க. அது வரமாட்டேங்குது.”

உள்ளே கதவு படாரென்று அடித்தது. பேய் கோபித்துக்கொண்டு போய் அறைக்குள் பூட்டிக்கொண்டது என்றாள். காற்று ஊளையிட்டது. சோறு ஆறிவிடாமல் இருக்க அம்மா ஊதிக்கொண்டிருக்கிறாள் என்றாள். ஊதினால் சோறு ஆறித்தான் போகும் என்று ஒரு பாப்பா திருத்தியது. அப்படியென்றால் ஆற வைக்கத்தான் ஊதுகிறாள் என்று ஒத்துக்கொண்டாள். எதற்காகச் சாப்பிட வரவில்லை என்று கேட்டார்கள். தலை வாரி விட்டால்தான் வருமாம் என்றாள். அக்கா மகளுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

படம் விட்டபோது பெற்றவர்கள் வெளுத்த முகத்தோடு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அக்கா தன் காதுக்கே எட்டாத குரலில், வீடு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி மகளிடம் கேட்டாள். ஒவ்வொருவராகத் தங்கள் பாப்பாவைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

சுவரோரம் மீசைக்காரர் மட்டும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா வந்து, “போலாமா பாப்பா?” என்றாள்.

“இரும்மா,” என்றார் அவர். “அந்தப் பேய் சாப்பிட்டுச்சா இல்லையான்னு இன்னும் சொல்லல.”