உள்ளே ஒன்றுமில்லை என்றார் கிழவர்

எண்பதுகளின் கடைசியில் அகதியாக லண்டன் வந்த எனக்கு துப்பாக்கி விற்கிற ஒரு துவக்குக் கடையில் வேலை கிடைத்தது. துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு அதைத் துடைக்கிற வேலை!

ஒரு சனிக்கிழமை, வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தன் வேட்டைத் துவக்கைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். அவர் உறையிலிருந்து உருவியபோது குழல் நேரே என் நெஞ்சுக்கு வந்தது. என்னை அறியாமலே இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். ஊரில் ஆமி மறித்தபோதெல்லாம் தூக்கிப் பழகிய கை. கடையே சிரித்தது.

"அண்ணை, இது லண்டன். கையை இறக்குங்கோ," என்றான் என்னோடு வேலைசெய்த ரவி.

"உள்ளே ஒன்றுமில்லை," என்றார் கிழவர், குழலை விலக்காமலே. வெட்கத்தில் கையை இறக்கினேன்.

ரவி துவக்கை வாங்கி மடக்கித் திறந்தான். உள்ளே சிவப்பாய் ஒரு தோட்டா இருந்தது.

ரவி அதை உருவி மேசையில் வைத்தான். கிழவரோ, தொலைத்த குடையைக் கண்டவர் போல, "அட, இது போன மாதம் போட்டதல்லவா!" என்றார்.

அன்றிலிருந்து யார் துவக்கோடு வந்தாலும் கூச்சமில்லாமல் கையைத் தூக்குகிறேன். திறந்து காட்டிய பிறகுதான் இறக்குகிறேன். ரவி இப்போது சிரிப்பதில்லை. எனக்கு முன்னமே தூக்கிவிடுகிறான்.