மருத்துவனுக்கு உண்மை எதற்கு?

செவ்வாய் காலை ஸ்காபரோவில் என் கிளினிக்கைத் திறந்துகொண்டிருந்தபோது ரெஜினா அக்கா எனக்குப் போன் எடுத்தார். "டொக்டர், அவர் போயிட்டார்," என்றார். அவருடைய கணவர் அருளப்பு அண்ணை, மன்னாரில் கத்தோலிக்கக் குருமட மாணவர்களுக்கு இலத்தீனும் மெய்யியலும் படிப்பித்தவர். தொண்ணூறாம் ஆண்டில் இங்கே வந்து பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார்.

"டொக்டர் உண்மையைச் சொல்லித்தான் ஆளைக் கொன்றார்" என்று செத்தவீட்டுக்கு வந்த உங்களில் சிலர் என் முதுகுக்குப் பின்னால் பேசினீர்கள். எனக்குக் கேட்டது. அக்காவின் சம்மதத்தோடு பதில் எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் அண்ணையின் அபார்ட்மென்டில் இருவரும் ஓர் இலத்தீன் நூலோடு மல்லுக்கட்டுவோம். அவர் அதைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். இடைக்கால ஐரோப்பாவின் மருத்துவப் பள்ளிகளில் நடந்த வாதங்கள் அவை. நரம்புகள் இதயத்தில் தொடங்குகின்றன என்றார்கள் மெய்யியலாளர்கள். மூளையில் என்றார்கள் மருத்துவர்கள். கடைசியில் ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள்: குணப்படுத்தப் போதுமானதை மருத்துவன் அறிந்தால் சரி, உண்மை மெய்யியலாளன் பாடு. எனக்கு அது நியாயமாகப் பட்டது. அண்ணைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உண்மை தேவையில்லாத ஆளுக்கு வெள்ளைக் கோட்டு எதுக்கு, டொக்டர்?" என்பார்.

ஆனால் அந்தப் பள்ளிகளின் விதி ஒன்றை அவர் கடைசிவரை விடவில்லை. மறுக்குமுன் எதிராளியின் பக்கத்தை அவரைவிட நன்றாகச் சொல்லவேண்டும்.

அண்ணைக்கு ஈரலில் புற்றுநோய் என்று பரிசோதனை முடிவு வந்ததும், அவரிடம் சொல்லவேண்டாம் என்று அக்கா அழுதார். நானும் "அல்சர்" என்று சொல்லிவிட்டேன். மூன்று கிழமை கழித்து அண்ணை வந்து என் முன்னால் இருந்தார்.

"உது அல்சர் இல்லை, என்ன?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன்; அக்கா கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். விதிப்படி அக்காவின் பக்கத்தை முதலில் பேசினார்: "அறிஞ்சால் நான் சாப்பாட்டை விட்டிடுவன், பிள்ளையள் உடைஞ்சுபோங்கள் எண்டு பயந்திட்டா. அன்பிலதான் செய்தவ." பிறகு குரல் மாறியது. "மருந்து உங்கட வேலை. சாவைப் பற்றி யோசிக்கிறது என்ர வேலை. அதை என்னட்டையிருந்து பறிக்காதேங்கோ."

எல்லாவற்றையும் சொன்னேன். அதன்பின் நான்கு மாதம் இருந்தார். மொழிபெயர்ப்பை முடித்தார். பேச்சுவார்த்தையில்லாத தம்பியைப் பக்கத்து நகரான மார்க்கத்திலிருந்து கூப்பிட்டார்; ஆசைதீரச் சண்டைபிடித்து, இருவருமாக இருந்து சாப்பிட்டார்கள்.

உங்கள் பக்கத்தையும் விதிப்படி சொல்கிறேன். அறியாதவர் நிம்மதியாகப் போவார், நம்பிக்கை சில நாட்களைக் கூட்டித்தரும் என்கிறீர்கள். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் சொன்ன நாளுக்காக நான் வெட்கப்படவில்லை. சொல்லாத அந்த மூன்று கிழமைகளுக்காக வெட்கப்படுகிறேன். அவை அவருடைய நாட்கள்.

அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த விதியைத்தான். நேற்று ஒருவர் தாயை வெளியே இருத்திவிட்டு உள்ளே வந்தார். "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, டொக்டர்." அவருடைய பக்கத்தை முழுதாகக் கேட்டேன். அவரைவிட நன்றாகத் திருப்பிச் சொன்னேன். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

"அம்மா, உள்ள வாங்கோ. உங்கட விசயம்தான் கதைக்கிறம்."